குதிரையின் பின்னால் ஒரு டக் டக்

பொம்மைகளின் ஊரில் எதிர்வீட்டுக்குப் போக எல்லோரும் தெருவைக் கடந்து போவார்கள். குதிரை மட்டும் மூன்று முறை தாவுவான். அவன் சதுரங்கக் குதிரை. இரண்டு கட்டம் நேராக, ஒரு கட்டம் பக்கவாட்டில். அதைத் தவிர வேறு நடை அவனுக்குத் தெரியாது. "நேரா போனா திருடன் உஷாராயிடுவான்" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். ஏனென்றால் அவன் ஒரு துப்பறிவாளன். அப்படித்தான் அவனே சொல்லிக்கொண்டிருந்தான். ஊரில் வேறு யாரும் இன்னும் சொல்லவில்லை.

பயணத்தின்போது விளையாடும் சதுரங்கப் பெட்டியிலிருந்து வந்தவன் அவன். வண்டி குலுங்கினாலும் காய்கள் சரியக்கூடாது என்பதற்காக அந்தப் பெட்டியின் காய்களுக்கு அடியில் காந்தம் வைத்திருப்பார்கள். குதிரைக்கும் இருந்தது. காந்தத்தின் மேல் பச்சைத் துணி ஒட்டியிருந்ததால் அவன் தாவினால் சத்தமே கேட்காது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அன்று காலையில் அவன் தன் உயிர்த் தோழன் தவளையைப் பார்க்கப் போனான். தவளை, சாவி கொடுத்தால் குதிக்கும் தகரப் பொம்மை. முதுகில் இருக்கும் இரும்புச் சாவியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, முதுகைக் கழுவிக்கொண்டிருந்தான். இருவரும் கொஞ்ச நேரம் கதை பேசினார்கள். பிறகு குதிரை கிளம்பினான். வழியில் எல்லாமே சற்றுக் கீழே தெரிந்தது. வளர்ந்துவிட்டோம் என்று நினைத்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் தவளையின் குரல் கேட்டது. சாவியைக் காணவில்லையாம்.

இது சின்ன விஷயம் இல்லை. தவளையின் வயிற்றில் இருக்கும் சுருள் தளர்ந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். நின்ற சுருள் துருப்பிடித்துவிட்டால் அவ்வளவுதான். ஊர்க்கோடியில் ஒரு தகரக் கோழி அப்படித்தான் நின்றுபோனது. அதன்மேல் இப்போது துணி காயப்போடுகிறார்கள்.

"பயப்படாதடா. நான் இருக்கேன்ல?" என்றான் குதிரை. தான் போனபிறகு யார் வந்தார்கள் என்று கேட்டான்.

"கரடி... அண்ணன்... வந்தாரு" என்றான் தவளை. இப்போதே அவன் பேச்சு இழுத்தது.

கரடி அண்ணன் துணிப் பொம்மை. உடம்பெல்லாம் ஒட்டுத்துணி. வயிற்றில் ஒரு ஓரத்தில் தையல் விட்டிருக்கும். அதற்குள் ஊராரின் மணி, சக்கரம், பொத்தான் என்று எதையாவது பத்திரமாக வைத்துக் கொடுப்பார். சாவியை ஒளிக்க அதைவிட நல்ல இடம் ஏது என்று குதிரை முடிவுகட்டிவிட்டான்.

அவரைத் தேடிப் பலகைத் தெருவில் தாவியபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டக். அவன் நின்றான், சத்தமும் நின்றது. தாவினான். டக். திரும்பிப் பார்த்தான், யாரும் இல்லை. திருடன் பயந்துபோய்த் தன்னைப் பின்தொடர்கிறான் என்று அவனுக்கு ஒரே குஷி.

கரடி அண்ணன் சந்தையில் நின்றிருந்தார். தவளைக்கு முதுகு துடைக்கத் துணி கொடுத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னார்.

"வயித்துல என்ன இருக்குண்ணே? காட்டுங்க."

கரடி சுற்றிலும் பார்த்தார். கூட்டம் கூடியிருந்தது. "இங்க வேணாம் தம்பி. வீட்டுக்கு வா, காட்டுறேன்" என்றார் மெதுவாக.

குதிரைக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. தையல் கடை நடத்தும் பொம்மை அக்காவைக் கூப்பிட்டு, தையலைப் பிரிக்கச் சொன்னான். அக்கா தயங்கினாள். ஆனால் அதற்குள் மெதுவாகச் சந்தைக்கு வந்து, கூட்டத்தின் முன்னால் நின்றிருந்த தவளையின் வாய் பாதி திறந்தபடி நடுங்கியது. அவள் பிரித்துவிட்டாள்.

உள்ளிருந்து ஒரு மணி உருண்டது. ஒரு சக்கரம் விழுந்தது. பிறகு பழைய காலுறைகள் வந்தன. கிழிந்தது, சாயம் போனது, ஜோடி இல்லாதது என்று வந்துகொண்டே இருந்தன. சாவி இல்லை.

கரடி அண்ணன் ஊரெல்லாம் தன்னை முதல்தரப் பஞ்சு என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பின்னால் யாரோ கிளுகிளுவென்று சிரித்தார்கள். அவர் குனிந்து, காலுறைகளை இரண்டு கையாலும் மறைக்கப் பார்த்தார். மறைக்க முடியவில்லை. வயிறு காலியாகிவிட்டதால் அவரால் நிமிரவும் முடியவில்லை.

குதிரை அவசரமாகக் காலுறைக் குவியல்மேல் தாவித் தேடினான். சத்தம் கேட்கவில்லை. பலகையில் இறங்கினான். டக். மறுபடி காலுறைமேல் ஏறினான். சத்தம் இல்லை. இறங்கினான். டக்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

திருடன் பின்னால் வரவில்லை. அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான். குதிரை வளரவும் இல்லை.

"சா..." என்றான் தவளை. அத்தோடு நின்றுவிட்டான்.

குதிரைக்கு ஒரு யோசனை வந்தது. எல்லோரும் தவளையைப் பார்க்கிறார்கள். பக்கத்துப் படியின் ஓரத்தில் அடியை ஓர் உரசு உரசினால் போதும், சாவி காலுறைக்குள் விழுந்துவிடும். 'இதோ, கண்டுபிடித்துவிட்டேன்' என்று எடுத்துக் கொடுக்கலாம். ஊரே மெச்சும். படி பக்கம் ஒரு தாவல் தாவியும் விட்டான்.

கரடி அண்ணன் இன்னும் ஒரு கிழிந்த காலுறையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தார்.

குதிரைக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. திரும்பித் தெரு நடுவுக்கு வந்தான். சதுரங்கக் காய்கள் தாமாகப் படுப்பதில்லை. வெட்டுப்பட்ட காய்தான் படுக்கும். குதிரை எல்லோர் முன்னாலும் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தான்.

"அக்கா, என் அடியில பாருங்க."

பச்சைத் துணியில் தவளையின் சாவி ஒட்டியிருந்தது.

"தெரியாமதான் எடுத்தேன்" என்றான் குதிரை. "ஆனா கரடி அண்ணனை இங்க நிக்க வச்சது தெரிஞ்சேதான். வீட்டுக்கு வான்னு கூப்பிட்டாரு. நான்தான் கேக்கல."

அக்கா சாவியை எடுத்துத் தவளைக்கு முறுக்கினாள். "...வி கிடைச்சுதாடா?" என்று தவளை விட்ட இடத்திலிருந்து கேட்டதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. குதிரை மட்டும் எழுந்திருக்கவில்லை.

"வலிக்குதாண்ணே?"

"வயிறு வலிக்கல தம்பி. எல்லாரும் பாத்தாங்க. அதான்."

"நானும் இப்படியே படுத்திருக்கவா? எல்லாரும் பாக்கட்டும்" என்றான் குதிரை.

கரடி யோசித்தார். "இரு" என்றார்.

அக்கா அவர் வயிற்றில் ஒவ்வொரு காலுறையாகத் திணித்துத் தைத்து முடிக்கும்வரை குதிரை பக்கத்திலேயே படுத்திருந்தான். போவோர் வருவோர் எல்லாம் அவன் அடியைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் கண்ணை மூடிக்கொள்ளக்கூட இல்லை. கடைசித் தையல் விழுந்ததும் கரடி அண்ணன் நிமிர்ந்து, வயிற்றை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, அவனைத் தூக்கி நிறுத்தினார்.

இப்போதெல்லாம் யார் எதைத் தொலைத்தாலும் குதிரை முதலில் கரடி அண்ணன் வீட்டுக்குத்தான் போகிறான். வாசலில் படுக்கிறான். அவர் அடியைப் பார்த்து "ஒண்ணுமில்ல, போ" என்று சொன்னபிறகுதான் விசாரணை தொடங்கும்.

போன வாரம் தையல்கார அக்காவின் ஊசி காணாமல் போனது. குதிரை போய்ப் படுத்தான். கரடி அண்ணன் குனிந்து பார்த்தார்.

"எந்திரி தம்பி. ஆனா மெதுவா எந்திரி, குத்தும்" என்றார்.