கல்யாணச் செருப்பும் கோமாரி மருந்தும்

"முக்க மாட்டேன்! இது கல்யாணச் செருப்பு!"

"கல்யாணச் செருப்புன்னா மாட்டுக்குக் கோமாரி வராதா மேடம்? கார்ல இருக்கற எல்லாச் செருப்பும் மருந்துல முங்கணும். அதுக்கப்புறம்தான் போட்ஸ்வானா."

"யோவ், பட்டுல தச்சது! நாளைக்கு என் சிநேகிதி இதைப் போட்டுக்கிட்டு ஆடணும்!"

"ஆடட்டும். எங்க மாடும் நல்லா இருக்கட்டும்."

ராமொக்வெபானா எல்லையில் பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. எனக்கு அங்கேதான் மாவுருண்டை பொரிக்கும் கடை. எண்ணெய் காய்ந்து புகைந்தது... புகையட்டுமே! இதைப் பார்ப்பதா, அதைப் பார்ப்பதா?

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த வருடத்தின் முதல் மழை கொட்டியது.

கால்நடைத் துறைக்காரன் பகானி தன் மழைக்கோட்டைக் கழற்றிச் செருப்புப் பெட்டிமேல் போர்த்தினான். பட்டில் ஒரு சொட்டுப் படாமல் அடிப்பாகத்தை மட்டும் மருந்துத் தொட்டியில் தொட்டெடுத்தான்... குருவிக்குஞ்சைக் குளிப்பாட்டுவதுபோல. பிறகு தன் கைக்குட்டையால் துடைத்து நீட்டினான். காரில் வந்த செட்ஸா வாங்கிக்கொள்ள மறந்து நின்றாள். அவள் இமையில் ஒரு மழைத்துளி... விழவே இல்லை.

ஐயோ, இவ்வளவு பெரிய கண்ணா! அவன் நினைத்தது எனக்கே கேட்டது.

அப்புறம் வாராவாரம் ஜிம்பாப்வேயிலிருந்து அந்த நீலக் கார் வந்தது. சர்க்கரை வாங்கப் போகிறாளாம். அப்பா ஒருவர், மகள் ஒருத்தி... அந்த வீட்டுக்கு எவ்வளவு சர்க்கரை! டிக்கியில் ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோடி செருப்பு கூடியது. முக்கி முடிக்க நேரமாகுமே!

கல்யாணப் பேச்சு எழுந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ப்ளம்ட்ரீயில் அவள் அப்பா நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"பொண்ணுக்குப் பரிசம் எட்டு மாடு. அவன் அப்பன் பட்டியிலேர்ந்து என் பட்டிக்கு நடந்து வரணும். பணமா? பணம் 'ம்மா'ன்னு கத்துமா?"

கோமாரிக்குப் பயந்து எல்லை வேலியைத் தாண்டி மாடு போகக்கூடாது. தடுக்கிற ஆள் யார்? நம் பகானியேதான்!

"ஆத்துப் பக்கம் வேலியில ஓட்டை இருக்கு. எனக்காக ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கயேன்..."

"உன் செருப்புக்கே மூடாத கண்ணு, செட்ஸா."

"அப்ப உன் மாட்டையே கட்டிக்க!"

சேற்றை வாரியடித்துக்கொண்டு கார் திரும்பிப் போனது. மூன்று வாரம் வரவில்லை. பகானியின் தேநீர் தினமும் ஆறிப் பாலாடை கட்டியது. என் மாவுருண்டையை அவன் கடிக்கவே இல்லை. எனக்கும் நஷ்டம்தான்.

நாலாவது வாரம் தூறலில் நீலக் கார் வந்து நின்றது. பக்கத்தில் அப்பா.

"இறங்குங்கப்பா. மாடு நம்ம பக்கம் வராது. நாமதான் அங்க போய்ப் பாக்கணும்."

பெரியவர் காலில் பளபளவென்று பாலீஷ் போட்ட தோல் செருப்பு. பகானி தொட்டியைக் காட்டினான்.

"ஐயா... செருப்பை... மருந்துல..."

"யாரைப் பாத்துச் சொல்றே தெரியுதா?"

"தெரியுதுங்க ஐயா. டிக்கியில வேற செருப்பு இருந்தா அதையும்..."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். இடது காலை வைத்தார். வலது காலை வைத்தார்.

"என்னையே முக்கிட்டான். இவன் காவல்ல என் மாட்டுக்கு ஒரு சளிகூடப் பிடிக்காது."

"அதான்ப்பா நானும் சொல்றேன். மாடு உங்களோடது. மேய்க்கறது அவங்க அப்பா. பால் மட்டும் அவங்களுக்கு. இப்படி அடுத்தவங்க பட்டியில விடற மஃபிசா நம்ம வழக்கத்துல இல்லாததா?"

பெரியவர் உறுமினார். சம்மதத்துக்கும் அவருக்கு அதே உறுமல்தான்.

அவர் காரில் ஏறியதும் பகானி கிசுகிசுத்தான். "மாடு வரலைன்னாலும்... நீ வருவியா?"

"நான் எப்பவோ வந்துட்டேன். அத்தனை செருப்பும் எதுக்குன்னு நினைச்சே, மடையா? ஊருக்கெல்லாம் நடக்கவா?"

அவன் சிரித்தான். முதல்முறையாக ஒரு கார் டிக்கியைத் திறக்காமலே எல்லைக் கேட்டைத் தாண்டியது என்று சொல்ல ஆசைதான்... இல்லை, திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டான்.

ஏப்ரலில் கல்யாணம். செட்ஸா இந்தப் பக்கம் குடிவந்துவிட்டாள். வாசலில் பதினொரு ஜோடி செருப்பு. அப்பா மாதம் தவறாமல் மாடு பார்க்க வருகிறார், மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே முக்குகிறார். கல்யாணத்தன்று மணப்பெண் போட்டது சிநேகிதியிடம் இரவல் வாங்கிய அதே பட்டுச் செருப்பு. மருந்து வாசனை இன்னும் போகவில்லை என்றார்கள். நான் குனிந்து மோந்தே பார்த்தேன்... போகத்தான் இல்லை.