சீழ் பிடிக்காத புண்

குழந்தையின் தொப்புள்கொடி மாதம் ஒன்றாகியும் விழவில்லை. கறுத்து, சுருங்கி, ஒட்டிக்கொண்டே இருந்தது. பிறகு ஒருநாள் ஷோபா குளிப்பாட்டும்போது தானாகக் கழன்று வந்தது. அந்த இடத்தில் ஒரு சின்னக் குழி. சிவக்கவில்லை, வீங்கவில்லை, ஒரு பொட்டுச் சீழ்கூட இல்லை. துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. ஆனால் நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போனது.

கணவன் சாய்குமார் குவைத்தில் டிரைவர். போகுமுன் அவன் பார்த்துக் கொடுத்த திருச்சானூர் மாடியறையில் அவளும் குழந்தையும் மட்டும்தான். கீழே லாட்ஜ். யாத்ரீகர்களின் பேச்சும், ஷேர் ஆட்டோக்காரர்களின் கூவலும், ஈரத்துணி வாடையும் கற்பூர வாடையும் கலந்து நாள் முழுக்கப் படியேறி வரும். ஆள் யாரும் ஏறி வந்ததில்லை.

திருப்பதி டாக்டர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மூடி வைத்தார்.

"வெள்ளை அணு எக்கச்சக்கமா இருக்குதும்மா. ஆனா ஒவ்வொரு அணு மேலயும் ஒட்டிக்கிறதுக்குன்னு ஒரு புரோட்டீன் இருக்கணும். அதாலதான் ரத்தக்குழாய பிடிச்சுக்கினு வெளிய வந்து கிருமிய கொல்லும். உன் பாப்பாவுக்குப் பிறவியிலயே அது இல்ல. அணுங்க புண்ணுகிட்ட வந்தும் நிக்க முடியாம ரத்தத்தோட ஓடிப்போயிடுது."

"சீழு புடிக்காதது நல்லதுதானே சார்?"

"இல்லம்மா. சீழுன்னா அந்த அணுங்க சண்ட போட்டுச் செத்த அடையாளம். இங்க சண்டையே நடக்கல. வேலூருக்குக் கூட்டினு போ. பாப்பாவோட நைனாவ உடனே வரச்சொல்லு."

எஸ்.டி.டி. பூத்தில் அவள் பேசியது, ஒரு நொடி கழித்து அவள் காதிலேயே திரும்ப விழுந்தது.

"பாஸ்போர்ட்டு முதலாளி கையில கீது, ஷோபா. நான் எப்டி வர்றது? புண்ணுதானே, ஆறிடும்."

"அது அழவே மாட்டேங்குது மாமா. அதான் பயமாக்கீது."

ரிசீவரை வைத்துவிட்டு, பூத்காரரிடம் காசை எண்ணிக் கொடுத்தாள்.

வேலூர் பயணத்துக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அயர்ந்துவிட்டாள். விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கரண்ட் இல்லை. கீழே லாட்ஜில் வழக்கமான அரவமும் இல்லை. மூடிய ஜன்னலின் இடுக்கில் காற்று சன்னமாக இழுத்துக்கொண்டிருக்க, அழுகத் தொடங்கிய மாம்பழத்தைப்போல ஒரு இனிப்பு வாடை அறை முழுக்க நிறைந்திருந்தது.

குழந்தை சிரித்தது.

பிறந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. கிச்சுகிச்சு மூட்டினால் வருவதுபோல, விட்டு விட்டு. ஷோபாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாடி கண்ணு, யாரப் பாத்து சிரிக்கிற?"

மெழுகுவத்தியை ஏற்றினாள்.

சுவரில் ஒரு கறுப்புக் கோடு. ஜன்னலிலிருந்து இறங்கியது. தரையில் ஓடியது. பாயில் ஏறியது. குழந்தையைச் சுற்றியிருந்த துணிக்குள் போனது.

துணியை விலக்கினாள்.

எறும்புகள். வரிசை கலையாமல் தொப்புள் குழிக்குள் இறங்கின. இன்னொரு வரிசை வெளியே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றின் வாயிலும் வெளுப்பாக ஏதோ ஒரு துணுக்கு.

குழந்தை அவள் முகத்தைப் பார்த்து, கால்களை உதைத்து, மறுபடி சிரித்தது.