ஈரம் படாத காகிதம்

ஈரமே படாத காகிதத்தில் தண்ணீர் தெரிந்தது.

டாரியா முதலில் அதைப் படத்தின் கோளாறு என்றுதான் நினைத்தாள். எரிபொருள் கலத்துக்குள் வைக்கும் கரிநூல் காகிதம் அது. இரண்டு மூன்று தலைமுடித் தடிமன், உள்ளே முழுக்கத் துளைகள். அவற்றின் வழியே காற்று உள்ளே போகவேண்டும், கலம் உண்டாக்கும் தண்ணீர் வெளியேற வேண்டும். தண்ணீர் தேங்கினால் கலத்துக்கு மூச்சு முட்டிவிடும். எங்கே தேங்குகிறது என்று எக்ஸ் கதிரில் பார்ப்பதுதான் கனடாவின் சாஸ்கட்டூன் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. இன்று கலத்தை இன்னும் ஓட்டவே இல்லை. ஒப்பிடுவதற்காக உலர்ந்த காகிதத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டிருந்தாள். கறுப்பாக இருக்கவேண்டிய துளைகளின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ திரண்டிருந்தது.

அரை மணி நேரம் சூடான உலர்காற்றைச் செலுத்திவிட்டு மறுபடி பார்த்தாள். ஜன்னலில்லாத அந்தக் கூடத்தில் பம்புகள் ஒரே சுருதியில் இரைந்தன, சூடேறிய ஒயர்களின் நாற்றம் தொண்டையில் ஒட்டியது, ஈயச் சுவர் அறையின் கனத்த கதவுக்கு அப்பால் கலம் தனியாக இருந்தது. நொடிக்கு ஒன்றாகப் படங்கள் வந்துகொண்டிருந்தன. தண்ணீர் ஏறியது. இறங்கியது. ஏறும்போது பாதியில் சற்றே தயங்கி, இறங்கும்போது விறுவிறுவென்று.

அந்தத் தயக்கம் அவளுக்குத் தெரியும். மூன்று வாரம் பக்கத்துத் தலையணையில், கணவன் ரோமனின் மூச்சில் கேட்டது.

ரோமன் போய் இருபத்தாறு நாள். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டபோது டாரியா இதே நாற்காலியில் இருந்தாள். வருடத்துக்கு ஆறு நாள்தான் இந்த எக்ஸ் கதிர் அவளுக்குக் கிடைக்கும், அன்றைக்கு இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி இருந்தது. ரோமனே போனை வாங்கி இளைக்க இளைக்கப் பேசினான்.

"முடிச்சிட்டே வா. நான் எங்க ஓடிடப்போறேன்?"

முடித்துவிட்டுத்தான் போனாள். கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

கலத்தைப் போய்ப் பார்க்கலாமென்று எழுந்தாள். திரையில் தண்ணீர் சடாரென்று ஏறியது. உட்கார்ந்தாள். இறங்கியது. இன்னொரு தடவை எழுந்து மூன்று எட்டு வைத்தாள். பாதித் துளைகள் நிறைந்துபோயின.

ஓடிவந்து உட்கார்ந்தாள்.

"இங்கதான் இருக்கேன்," என்றாள்.

தண்ணீர் மெதுவாக அடங்கியது. பயம் விடவில்லை, ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அவனிடம் பேசினாள். அடக்கத்துக்கு அவன் அண்ணன் பிரின்ஸ் ஆல்பர்ட் ஊரிலிருந்து பனியில் வண்டியோட்டி வந்ததை, சர்ச் பெண்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைகள் ஃப்ரீசரில் அப்படியே கிடப்பதை, அவன் பக்கத்துப் போர்வையை இன்னும் மடிக்காததை. அவ்வளவு நேரமும் அது சீராக ஏறி இறங்கியது.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து, கதிரை இயக்கும் வெஸ்லி கோட்டை மாட்டிக்கொண்டே வந்தான்.

"நீ இன்னும் கிளம்பலயா? எக்ஸ்ரே பீம் ஒரு மணிக்கே நின்னுபோச்சு டாரியா. கதிரை உண்டாக்குற காந்தத்துல கோளாறு. போன் அடிச்சேன், நீ எடுக்கல."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலேகால். கதிரே இல்லாமல் மூன்றேகால் மணி நேரம். படங்கள் வந்துகொண்டேயிருந்தன.

"அப்போ இது என்ன ஓடுது?" என்றான் வெஸ்லி.

அவள் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், மெல்லத் தோளைப் பிடித்தான். "வா. வீட்ல விட்டுடறேன்."

"வேணாம் வெஸ்லி. நான் எழுந்தா ஏறுது."

நல்லவன். அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினான்.

தண்ணீர் ஏறியது. பாதி. முக்கால். மேல்வரிசை. டாரியா உதறிக்கொண்டு நாற்காலியில் விழுந்தாள். இறங்கவில்லை. திரை முழுக்கச் சாம்பல். அசைவில்லை.

இரண்டாம் தடவையும் பிந்திவிட்டாள்.

அப்போது ஈயக் கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. வெஸ்லிக்கும் கேட்டது. அவளை நோக்கி நீண்ட அவன் கை பாதியில் நின்றது. பூட்டிய அந்த அறையில், தொண்டை நிறையத் தண்ணீரோடு யாரோ மூச்சிழுத்தார்கள். தயக்கம். மறுபடி.

அவள் எழுந்துபோய்க் கதவில் இரு கைகளையும் பதித்தாள். ஈயம் சில்லென்று இருந்தது.

"வந்துட்டேன்," என்றாள். "வந்துட்டேன் ரோமன்."

உள்ளே அவன் மூழ்குவது நிற்கவில்லை. மூழ்கி முடியவும் இல்லை.