காலித் தொட்டியில் அம்மோனியா

மீனே இல்லாத தொட்டியில் அம்மோனியா ஏறிக்கொண்டிருந்தது.

சோதனைக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர், எட்டுச் சொட்டு மருந்து, ஐந்து நிமிடக் காத்திருப்பு. மஞ்சளாகவே நின்றால் தண்ணீர் சுத்தம். பச்சை கூடக் கூட விஷம் கூடுகிறது. அவர் சன்னல் வெளிச்சத்தில் குழாயைத் தூக்கிப் பிடித்தார். நேற்று இளம்பச்சை. இன்று அடர்பச்சை.

அம்மோனியா சும்மா வராது. ஏதாவது உயிரோடு இருந்து கழிக்க வேண்டும். இல்லையென்றால் ஏதாவது அழுக வேண்டும். புதுக் கண்ணாடி, அலசிய கூழாங்கல், குளோரின் முறித்த தண்ணீர். ஒன்பது நாளில் அவர் ஒரு சிட்டிகை தீனிகூடப் போடவில்லை.

வளர்ப்பு மீன் கடைக்காரருக்குப் போன் செய்தார்.

“காலித் தொட்டியா? அப்ப நீங்கதான் சார் தூக்கக் கலக்கத்துல ஒண்ணுக்கு அடிச்சிருக்கணும்,” என்று கடைக்காரர் சிரித்தார். “கல்லுக்கடியில எதாச்சும் செத்துக் கிடக்கும், கிளறிப் பாருங்க. ஆமா, போன தடவை எல்லாம் எதனால செத்துச்சு?”

“பொண்ணு தீனியை அள்ளிக் கொட்டிட்டா.”

பொய் எத்தனை சரளமாக வருகிறது! உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் பென்சில் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கியது. அவருக்குக் காது மடல் சுட்டது.

பழைய தொட்டியில் பதினோரு மீன்கள் இருந்தன. அவற்றைக் காப்பாற்றியது ஒரு பஞ்சு வடிகட்டி. பஞ்சு அழுக்கைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. அதன் துளைகளில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா குடியிருக்கும். ஒரு கூட்டம் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் அதைத் தின்று நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும். இந்தக் கூட்டங்கள் குடியேறிப் பெருக வாரக்கணக்காகும்; தொட்டியைச் சுழற்சிக்கு விடுவது என்பது இதுதான். அவரோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஞ்சு காப்பி நிறத்தில் அசிங்கமாக இருக்கிறதென்று, குழாயடியில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கசக்கிப் பிழிந்து, வெள்ளை வெளேரென்று ஆக்கி, அந்த வெண்மையை ரசிக்கவும் செய்தார்.

மூன்றாம் நாள் பதினொன்றும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சாயங்காலம் மிதந்தன.

“எதனாலப்பா?” என்றாள் மகள். ஒன்பது வயது. அதற்குள் அவர் போனில் காரணத்தைத் தேடிப் படித்திருந்தார். படித்துவிட்டுத்தான் சொன்னார்: “நீ தீனி ஜாஸ்தியாப் போட்டே இல்ல?”

அவள் அழவில்லை. அன்றிலிருந்து தட்டில் பாதியை ஒதுக்கிவிடுகிறாள். அவருக்குப் பரிமாறும்போதுகூட அரைக் கரண்டிக்கு மேல் வைப்பதில்லை. “அதிகமாயிடும்ப்பா” என்கிறாள். உண்மையைச் சொல்வதைவிடப் புதுத் தொட்டி வாங்குவது சுலபமாக இருந்தது. பின்னால் தொங்கவிடும் பெட்டி வடிகட்டி வேகமாகத் தண்ணீர் இழுக்கும். ஆனால் பாக்டீரியாவுக்குப் பஞ்சில்தான் இடம் அதிகம் என்று, இரட்டைப் பஞ்சு வடிகட்டியாகப் பார்த்து வாங்கினார்.

போனை வைத்துவிட்டுக் கல்லைக் கிளறினார். ஒரு நத்தை ஓடுகூட இல்லை. கலங்கல் அடங்கட்டும் என்று காற்று மோட்டாரை அணைத்தார். குமிழிகளின் கொடகொடப்பு நின்றதும், இத்தனை நாளும் அந்த இரைச்சலுக்கு அடியில் இருந்த வேறொரு சத்தம், ஈர உதடுகள் ஒட்டிப் பிரிவதுபோன்ற, அவசரமே இல்லாத ஒரு சின்னச் சத்தம், தொட்டியின் மேல்மட்டத்திலிருந்து வந்தது; அதோடு மிதந்த உடல்களை அள்ளிய நாளின் அதே கவிச்சையும் மெல்ல எழுந்தது.

குனிந்து பார்த்தார். தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் திறந்து மூடின. எண்ணினார்.

பதினொன்று.

சொல்லிவிடலாம். இப்போதே உள்ளறைக்குப் போய்ச் சொல்லிவிடலாம். மோட்டாரைத் திரும்பப் போட்டார். சத்தம் மறைந்தது. தலைவலி என்று சொல்லிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

கண் விழித்தபோது வீடு அமைதியாக இருந்தது. அளவுக்கு மீறிய அமைதி. யாரோ மோட்டாரை அணைத்திருந்தார்கள்.

மகள் முக்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தாள். வலது கை முழங்கைவரை தண்ணீருக்குள். வளையங்கள் எல்லாம் அந்தக் கையைச் சுற்றி.

“கையை எடு!”

“வரலப்பா.” குரலில் பயமில்லை. அதுதான் பயமாக இருந்தது. “பிடிச்சிருக்குதுங்க. கடிக்கல. யாரு கொன்னதுன்னு கேக்குற மாதிரியே இருந்துச்சு. நான்தான்னு சொல்லிட்டேன்.”

தோளைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். “வலிக்குதுப்பா!” அவள் கை தண்ணீருக்குள் வெளுத்துக்கொண்டே போனது. விரல் நுனி. மணிக்கட்டு. அதற்கும் மேலே.

“நீ இல்லம்மா.” தோளை விட்டுவிட்டார். “தீனியால சாகல. நான்தான் பஞ்சைக் கழுவினேன். நான்தான் கொன்னேன். தெரிஞ்சேதான் உன் மேல போட்டேன்.”

சத்தம் நின்றது.

கை விடுபட்டது. அவள் ஈரக் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். “நீயா?”

பதினோரு வளையங்களும் திரும்பின. அவர் நின்ற பக்கம். காத்திருந்தன. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அதற்குப்பின் இருபத்துமூன்று நாட்கள். காலித் தொட்டியில் அம்மோனியா ஏறியதற்குக் காரணம், அது காலியாக இல்லை. ஏறியது இறங்காததற்குக் காரணம், புதுப் பஞ்சில் பாக்டீரியா இன்னும் குடியேறவில்லை. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: தினமும் ஒரே நேரத்தில், ஒரே அளவு தீனி, தங்குவதற்கு நிறையத் துளைகள் உள்ள ஒன்று, எப்போதும் நீருக்குள். பஞ்சு வடிகட்டியைக் கழற்றி வைத்தாகிவிட்டது.

“அம்மோனியா பூஜ்யம்,” என்று நோட்டில் எழுதினாள் மகள். அவர் முகத்தைப் பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள். பக்கத்திலிருந்த அவளுடைய தட்டில் மிச்சமில்லை. “நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் இருபது. தொட்டி ரெடி.”

தோள்வரை நீருக்குள் கிடந்த அவர் கையில் காப்பி நிறம் படிந்திருந்தது. அதன் ஆயிரம் துளைகளும் மெல்லத் திறந்து, தண்ணீரை உள்ளிழுத்து, வெளிவிட்டன.