மரத்தில் சாய்ந்து நிற்கும் ஆள்

காலை ஆறரை. கதவை உடைத்தபோது பொன்னுத்துரை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கம்பளி கழுத்துவரை மூடியிருந்தது. தூங்குகிறவரின் முகம். உதடும் நகமும் மட்டும் பொருந்தாத சிவப்பில் இருந்தன.

கதவை உடைத்த பக்கத்து வீட்டு பாலகுமார் பிணத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான்.

கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருந்தது. நடுவில், பனி ஒட்டாத கோடுகளில், ஒரு மரம். மரத்தின் இடப்பக்கம் ஒட்டினாற்போல் ஒரு ஆள்.

"தினகரண்ணன்," என்றான் பாலகுமார். "இங்கயும் வந்துட்டாரு."

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இருந்த ஒரே ஜன்னல் திறக்க முடியாதது, சட்டத்தோடு அறைந்தது. குளிருக்காகக் கதவிடுக்கில் துணி செருகியிருந்தது. அந்த அறைக்குள் யாரும் வந்திருக்க முடியாது. ஆனால் அந்தப் படம் வந்திருந்தது.

குன்னூருக்குக் கீழே கரடிப்பள்ளம் எஸ்டேட். தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரியை மூடி, தோட்டத்தையே ரிசார்ட் கட்ட விற்கப் பேசிக்கொண்டிருந்தது கம்பெனி. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள் காலியாக வேண்டும். காலி செய்யாதே என்று சொன்ன ஒரே குரல் பொன்னுத்துரையுடையது. "கேஸ் முடியாம ஒருத்தரும் சாமான் கட்டப்படாது," என்பார். கட்டவில்லை.

பிறகுதான் ஜன்னல்களில் அது வரத் தொடங்கியது. பனி இறங்கினால் வரும். வெயில் வந்தால் போகும். உள்ளே துணியால் அழுத்தித் துடைத்தாலும் மறுநாள் அதே இடத்தில் நிற்கும். ஃபேக்டரி மூடிய வாரம் அதன் வாசல் சில்வர் ஓக் மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்ட தினகரன்தான் என்று லயம் முடிவு கட்டியது. ஐந்து குடும்பங்கள் போய்விட்டன. கோர்ட் நோட்டீசுக்கு அசையாதவர்களை ஒரு கோட்டுப்படம் கிளப்பிவிட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் சாந்தாமணி வந்தபோது மணி ஒன்பது. சமவெளியில் கோபி ஊர்க்காரி. மலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியும் இந்தக் குளிரை மன்னிக்காதவர். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மூலையில் புகைக்கூண்டுக்குக் கீழே ஒரு இரும்பு அடுப்பு, அதில் சாம்பல். கட்டிலடியில் ஒரு சிப்பம் அடுப்புக்கரி.

"விறகு எரிக்கமாட்டாருங்களா?"

"அவருக்கு நெஞ்சு இழுப்பும்மா," என்றாள் எதிர்வீட்டுத் தெய்வம்மா. "வெறகுப் புகை ஆவாது. ரெண்டு வருசமா கரிதான். டீ குடிக்கிறீங்களா?"

"அப்புறம்."

வாசலுக்கு வெளியே, சாக்கடைக்கு அந்தப் பக்கம், எஸ்டேட் ஃபீல்டு ஆபீசர் ஸ்ரீஹரி நின்றார். பூட்ஸ், ஜெர்கின். குளிருக்கு உதட்டில் வாசலின் தடவிக்கொண்டிருந்தார்.

"சின்னத்தொரைக்கு டீ?" என்று தெய்வம்மா கேட்டாள்.

"வேண்டாம் வேண்டாம்."

அவர் லயத்தில் டீ குடித்ததை யாரும் பார்த்ததில்லை.

"மேடம், அது பேய் இல்ல," என்றார் ஸ்ரீஹரி. "ஜப்பான் எழுத்து. இந்த லைன்ல அத எழுதத் தெரிஞ்சது ஒரே ஆளுக்கு. இந்தம்மா பொண்ணு ரஞ்சனி. செத்துப்போன தினகரன் மகள்தான். போன வாரம் பொன்னுத்துரை அவளத் திட்டியிருக்கான். நான் எழுதியே தர்றேன்."

தெய்வம்மா கையிலிருந்த டம்ளர் சாய்ந்து டீ காலில் கொட்டியது. அவள் நகரவில்லை.

ஸ்டேஷனில் ரஞ்சனி உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். பி.காம். லயத்தில் அவள்தான் முதல் டிகிரி. அந்த டிகிரிக்குக் குன்னூரில் கிடைத்தது ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. அதுவும் எட்டு மாதம்.

"இது உன் எழுத்துதானே கண்ணு?" சாந்தாமணி போட்டோவைத் தள்ளினார்.

休

"எழுத்து ஜப்பான்காரனோடது. எனக்கும் தெரியும், அவ்ளோதான்."

"எங்க கத்துக்கிட்ட?"

"அனிமே பார்த்து."

மூலையில் கான்ஸ்டபிள் ரவி சிரித்தார். "பொம்மைப்படமா?"

"ஆமா சார், பொம்மைப்படம். நீங்க சீரியல் பார்த்து என்ன பாஷை கத்துக்கிட்டீங்க?"

ரவி சிரிப்பதை நிறுத்தினார்.

"மொதல்ல இங்கிலீஷ் சப்டைட்டில் படிச்சேன். அப்புறம் செல்லுல அடிப்பக்கம் இன்சுலேஷன் டேப் ஒட்டி மறைச்சிட்டேன். காதுல கேக்கணும், படத்துல வர்ற போர்டைப் படிக்கணும். புரியலைன்னா நிறுத்தி வச்சு எழுதிப் பார்ப்பேன். எங்க ஊட்ல ஜன்னல்கிட்ட மட்டும்தான் டவர் கிடைக்கும். அங்கயே நின்னு, கண்ணாடியில ஊதி, வெரலால எழுதுவேன். பரீட்சை பாஸ் பண்ணிட்டேன். அங்க வயசானவங்களப் பார்த்துக்கற வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. பாஸ்போர்ட்தான் பாக்கி." அவள் மேசையைப் பார்த்தாள். "வெரிஃபிகேஷன் பேப்பர் உங்ககிட்டதான் கெடக்குது. ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டா அது கிழிஞ்ச மாதிரிதான். எனக்குத் தெரியாதா?"

"பொன்னுத்துரை ஏன் திட்டுனாரு?"

"நான் கண்ணாடியில எழுதறதப் பார்த்துட்டு ஊர்ல பேசறாங்க, நிறுத்துன்னாரு. நான் ஏன் நிறுத்தணும்னேன்."

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஓய்வு. லீவு. கூட ஒரு எழுத்து சேர்த்தா யசுமி. இந்தப் பக்கம் மனுசன், அந்தப் பக்கம் மரம். வேலை முடிஞ்சு மரத்துல சாஞ்சு நிக்கறான். ஸ்கூல் கதைன்னா வாரத்துக்கு நாலு தடவை இது வரும்." அவள் போட்டோவைத் திருப்பி வைத்தாள். "மத்த ஜன்னல்ல இத நான் எழுதல. செத்த எங்கப்பாவ வச்சு ஊரைப் பயமுறுத்தற அளவுக்கு நான் கேவலமானவ இல்ல."

சாந்தாமணி அவளை வீட்டுக்கு அனுப்பினார். ரவிக்கு அது பிடிக்கவில்லை.

"மேடம், வேற யாருக்கும் அந்த எழுத்து தெரியாதுங்களே."

"பார்த்து வரையறதுக்குத் தெரிஞ்சிருக்கோணும்னு இல்லைங்க."

மாலையில் பிரேதப் பரிசோதனை முடிவு போனில் வந்தது: மூடிய அறையில் கரி எரிந்து உண்டான விஷவாயு. நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவன் எழவே மாட்டான்.

"அப்ப விபத்துங்க," என்றார் ரவி.

"ரெண்டு வருசமா எரிச்ச கரி இன்னைக்குத்தான் கொல்லுதா? புகைக்கூண்டு எதுக்கு இருக்குது?"

லயத்துக்குத் திரும்பியபோது பனி இறங்கிவிட்டது. எதிரில் இருந்த வீடு தெரியவில்லை. காலியாகிப்போன வீடுகளில் வரிசையாக, விளக்கில்லாத ஜன்னல்களில், மரமும் ஆளும் ஒவ்வொன்றாகத் தெளிந்து எழுந்தன. யாரும் எழுதவில்லை, தாமாக எழுந்தன. ரவி டார்ச்சை இறுக்கிப் பிடித்தார்.

"மேடம், போயிரலாமுங்க."

சாந்தாமணி ஒரு காலி வீட்டுக்குள் போனார். உள்ளிருந்து பார்த்தார்: ஆள் இடப்பக்கம், மரம் வலப்பக்கம். கழுத்தில் கிடந்த மப்ளரால் கண்ணாடியைத் துடைத்தார். ஆள் அசையவில்லை. இன்னொருமுறை துடைத்தார். அங்கேயே நின்றான்.

வெளியே வந்து அதே கண்ணாடியைப் பார்த்தார். மரத்தின் நுனியை மட்டும் விரலால் தொட்டார். விரலை முகர்ந்தார். பிறகு கான்ஸ்டபிளிடம், "கைரேகை எடுக்கறவரு எந்தப் பக்கம் பொடி போட்டாருங்க?" என்று கேட்டார்.

"உள்பக்கமுங்க. உள்ள தாப்பா போட்ட ரூமாச்சே. ஒண்ணும் கிடைக்கலைன்னாரு."

"நாளைக்கு மறுபடி வரச்சொல்லுங்க. அப்புறம் கூரைக்கு ஒரு ஏணி வேணும்."

மறுநாள் காலை, ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டர் கொட்டகையில் எல்லாரையும் நிற்கவைத்தார். கையில் ஒரு துண்டு கரி கொடுத்து, சிமெண்டுத் தரையில் அந்த எழுத்தை வரையச் சொன்னார்.

பாலகுமார் வரைந்தான். கோணல்மாணல், ஆள் இடப்பக்கம். தெய்வம்மா கண்ணை மூடிக்கொண்டே வரைந்தாள், இடப்பக்கம். இன்னும் நாலு பேர், எல்லாம் இடப்பக்கம். ரஞ்சனி மூச்சுவிடும் நேரத்தில் எழுதி முடித்தாள். அது மட்டும் எழுத்தாக இருந்தது.

"நீங்களும் போடுங்க சார்," என்றார் சாந்தாமணி.

"நானா?" ஸ்ரீஹரி சிரித்தார். "நான் எதுக்கு மேடம்?"

"கம்ப்ளெயிண்ட் குடுத்தவரு நீங்க. எதப் பார்த்தீங்கன்னு தெரியோணுமில்ல. எங்க பார்த்தீங்க?"

"அவ ஊட்லதான். கண்ணாடியில எழுதி வச்சிருந்தா. உள்ள நின்னு என் கண்ணால பார்த்தேன்."

"எப்ப எங்க ஊட்டுக்குள்ள வந்தீங்க?" ரஞ்சனி கேட்டாள். "எங்கப்பாவக் கெடத்தியிருந்தப்பவே சாக்கடையத் தாண்டலியே நீங்க."

"நீ சும்மா இரு கண்ணு. போடுங்க சார்."

ஸ்ரீஹரி குனிந்து வரைந்தார். தடுமாற்றமில்லை, பழகிய கை. மரம். ஆள்.

கொட்டகையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

ஆள் மரத்தின் வலப்பக்கம் நின்றான்.

"அவ்வளவுதானுங்க," என்றார் சாந்தாமணி. "இனி நான் சொல்றேன், கேளுங்க. எழுத்து ரூமுக்குள்ள வரவே இல்ல. வெளிப்பக்கக் கண்ணாடியில வாசலின் தொட்டு எழுதுனது. அந்தக் கோட்டுல பனி ஒட்டாது. அதனால பனி விழறப்பெல்லாம் எழுத்து வரும். உள்ள நின்னு எத்தனை துடைச்சாலும் போகாது. பேய்னு பயந்துட்டு ஒருத்தரும் வெளிய போய்த் தொட்டுப் பார்க்கல."

"வெளிய நின்னு அவளே எழுதியிருக்கலாமில்ல?" என்றார் ஸ்ரீஹரி.

"எழுதியிருந்தா நேரா எழுதியிருப்பா. அது உள்ள இருக்கறவங்களுக்குத் திரும்பித் தெரியும். இங்க தலைகீழா நடந்திருக்குது. உள்ள இருந்து பார்த்தா சரியா இருக்குது; எழுதுனவன் நின்ன பக்கம் திரும்பி இருக்குது."

"உள்ள இருக்கறவங்க படிக்கட்டும்னு திருப்பி எழுதியிருப்பா."

"யாருங்க படிக்கறது? இந்த லயத்துல ஜப்பான் படிக்கத் தெரிஞ்சது இவ ஒருத்திதானே. நீங்கதான் சொன்னீங்க." சாந்தாமணி தரையிலிருந்த படத்தைச் சுட்டினார். "திருப்பி எழுதறோம்னே தெரியாம எழுதுனவன் அவன். இவ உள்ள நின்னு ஊதி எழுதறத ரோட்டுல நின்னு பார்த்தவன். வெளிய இருந்து பார்த்தா ஆள் வலப்பக்கம்தான் தெரியும். இங்க இருக்கற அத்தனை பேரும் இவ ஊட்டுக்குள்ள போயி டீ குடிச்சவங்க, அவங்கவங்க ஊட்டுக்குள்ள நின்னு ஜன்னலப் பார்த்தவங்க. எந்த ஊட்டுக்குள்ளயும் கால் வைக்காத ஆள் இங்க ஒருத்தருதான்."

ஸ்ரீஹரியின் நாக்கு உதட்டைத் தேடியது. உதடு வழவழவென்று மின்னியது.

"வெளிக்கண்ணாடி எல்லாத்துலயும் ஒரே விரல் ரேகை. இன்னைக்கு விடிஞ்சதும் எடுத்தாச்சு. நீங்க கம்ப்ளெயிண்ட் பேப்பர்ல கை வச்சிருக்கீங்க. அதுலயும் அதே ரேகைதான். பொன்னுத்துரை ஊட்டுக் கூரையில பாசி நசுங்கியிருக்குது, பூட்ஸ் அச்சு. உங்க ஜீப்புல கொழுந்து பறிக்கறவங்க இடுப்புல கட்டற படங்குச் சாக்கு ஒண்ணு, நனைஞ்சது. நடுவுல வட்டமா கரி. புகைக்கூண்டு வாய் எந்த அளவோ, அந்த அளவு."

பனி கொட்டகைக்குள் நுழைந்து காலடியில் ஊர்ந்தது. ஸ்ரீஹரி பேசியபோது குரல் சின்னப் பையனுடையதாக இருந்தது.

"கொல்லணும்னு செய்யல மேடம். சத்தியமா. எழுத்துக்கு அவன் ஒருத்தன்தான் பயப்படல. புகை அடைச்சா இருமிக்கிட்டு வெளிய ஓடுவான், பேய்னு நம்புவான்னு நெனச்சேன். வெறகுன்னா புகையுமே... விடியறதுக்கு முன்னாடி சாக்க எடுத்துட்டேன். சத்தமே இல்ல. தூங்கறான்னு நெனச்சேன்."

"அவரு வெறகு எரிக்கல," என்றாள் தெய்வம்மா. இதுவரை அவள் அந்த மனிதரை நேராகப் பார்த்ததில்லை; இப்போது பார்த்தாள். "ரெண்டு வருசமாக் கரி. ஒரு தடவ உள்ள வந்திருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும் தொரை."

ரவி ஸ்ரீஹரியின் கையைப் பிடித்தார்.

மதியம் சாந்தாமணி மறுபடி லயத்துக்கு வந்தார். ரஞ்சனி வாசலிலேயே நின்றாள்.

"என் பேப்பர்?"

"காலையிலயே கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு."

அவள் வீட்டுக்குள் போய், ஜன்னலில் அறைந்திருந்த சாக்கைப் பிடுங்கினாள். எழுத்துக்குப் பயந்து அவள் அம்மா அறைந்தது. கண்ணாடியில் ஊதினாள். விரலால் எழுதினாள். மனிதன் முதலில், மரம் பிறகு.

தெய்வம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாருக்கும் இதுல அப்பா தொங்கறதுதான் தெரிஞ்சுதும்மா," என்றாள் ரஞ்சனி. "எனக்கு மொத நாள்லேருந்தே சாஞ்சு நிக்கறதுதான் தெரியுது. மத்தியானம் சோத்து வாளியோட அந்த மரத்துலதானே சாஞ்சு நிப்பாரு."

தெய்வம்மா துடைக்க எடுத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "கெடக்கட்டும்," என்றாள்.

கீழே ஜீப் ஹாரன் அடித்தது. சாந்தாமணி படியிறங்கி சாக்கடையைத் தாண்டினார். தாண்டியவர் திரும்பிப் பார்த்தார். பனிக்குள் அந்த ஒரு ஜன்னல் மட்டும் வெளிச்சமாக இருந்தது. ஆள் மரத்தின் வலப்பக்கம் நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. குளிர் சட்டைக்குள் இறங்கியது.

அவர் ஜீப்புக்குப் போகவில்லை. திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே போய் உட்கார்ந்தார்.

"டீ தர்றேன்னீங்களே அக்கா," என்றார்.