வெறும் வயிற்றோடு கரையேறுகிறவர்கள்

பென்குயின்களுக்குப் பசி என்று தராசு சொன்னது. உடனே கடலில் கப்பல்கள் வாயை மூடிக்கொண்டன. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் இருந்த அந்தப் பாறைத் தீவைச் சுற்றி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஓர் இயந்திரமும் உறுமவில்லை. கூடுகளில் பறவைகள் கழுதையைப் போலக் கத்துவது மட்டும் கேட்டது.

பிரகாசி செய்த நடைத்தராசு அது. கரையிலிருந்து கூடுகளுக்கு ஏறும் பாதையில் பதித்த தட்டு. கடலுக்குப் போகும் பறவையை நிறுக்கும், திரும்பும்போது மறுபடி நிறுக்கும். இறக்கையில் வளையம் மாட்டினால் நீந்தச் சிரமப்படும் என்பதால், நெஞ்சுப் புள்ளிகளை வைத்தே ஆளை அடையாளம் காணும். பலவும் வெறும் வயிற்றோடு வந்தால், அந்தக் கடலில் உள்ள எல்லாக் கலங்களிலும் இயந்திரத்தை நிறுத்தவென்று பொருத்தியிருந்த பொறியடக்கிகளுக்குச் செய்தி பறக்கும். கப்பல் இரைச்சலில் மத்தி மீனைத் தேட முடியாமல்தான் இந்த இனம் அழிந்துகொண்டிருந்தது. தராசு வந்தபிறகு கூடுகள் நிரம்பின. குமரிக் கடற்கரையில் வள்ளக்காரன் மகளாகப் பிறந்து, 'மீன் நாத்தம்' என்று மூக்கைப் பிடித்தவர்களோடு ஒரே வகுப்பில் படித்து முடித்தவள் பிரகாசி. தராசை யாராவது குறை சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இன்று குறை சொல்ல வந்திருந்தவர் கனகசபாபதி, கப்பல் நிறுவனத்து அதிகாரி. சென்னைக்காரர். தமிழ் பேசுகிறவரை அனுப்பினால் இந்தப் பெண் மசிவாள் என்று நிறுவனம் நினைத்திருந்தது.

"குஞ்சுங்க எல்லாம் கொழுகொழுன்னு இருக்கு. தராசு மட்டும் பசி பசின்னு அழுவுது. எங்கேயோ கை வெச்சிருக்கேம்மா."

"நான் வைக்கல்ல சார்."

"நம்ம ஊர்ப் பொண்ணுன்னு தன்மையா கேக்கறேன். ஒத்துக்கோ, வேலை போறதோட முடிஞ்சிடும். இல்லேன்னா தட்டையே பேத்துடுவோம்."

"வாங்க, கையி வச்சது யாருன்னு காட்டுதேன்."

பாறை முகட்டுக்கு அவரை இழுத்துப் போனாள். மூச்சு வாங்க ஏறியவர் பின்பக்கச் சரிவைப் பார்த்து நின்றுவிட்டார். அலை அறையும் அந்த வழுக்குப் பாறையில், வயிறு புடைத்த பென்குயின்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தத்தித் தத்தி ஏறிக்கொண்டிருந்தன. முன்பக்கம், சும்மா நனைந்து வந்தவை மட்டும் வரிசையில் நின்று தட்டில் ஏறி இறங்கின.

"போன வழியிலயே திரும்புற பறவைன்னு சொன்னாங்களே?"

"புஸ்தகத்துல அப்பிடித்தான் இருக்கு. அத நம்பித்தான் பின்னால தட்டு வைக்காம விட்டேன். நாலஞ்சு நாளாத்தான் எனக்கே தெரியும். வெறும் வயித்தோட தட்டுல ஏறினா சத்தம் நிக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டுதுவ."

"அப்ப மோசடி."

"வேலைநிறுத்தம் சார்."

"சிரிக்காத. பின்னாலயும் ஒரு தட்டைப் போடு."

போட முடியும், கிடங்கில் உபரித் தட்டு இருந்தது. கீழே ஒரு பறவை வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஏறியது. தன்னை ஏமாற்றியதற்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. பட்டம் வாங்கிய அன்றுகூட அவள் நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

"போட மாட்டேன். இந்தக் கடலுக்கு எவ்வளவு சத்தம் ஆகும்னு இவ்வளவு காலம் நாமதான சொன்னோம். இனி அதுவ சொல்லட்டு."

"பென்குயினுக்குச் சங்கம் வெக்கவா உன்னைப் படிக்க வெச்சாங்க? நாளைக்கு ஆளுங்களோட வந்து நானே போடறேன்."

விறுவிறுவென்று இறங்கிப் போய்ப் படகில் ஏறினார். பொறி முனகக்கூட இல்லை. காலையில் அவர் வந்தபோது கடல் திறந்திருந்தது. அதற்குப் பிறகுதான் தராசு பசி என்றது; இப்போது மூடிக் கிடந்தது.

"உன் ஆராய்ச்சிப் படகை எடு."

"அதுலயும் அடக்கி இருக்கு. சத்தத்துல நல்ல சத்தம், கெட்ட சத்தம்னு உண்டான்னு சண்ட போட்டு வச்சது நாந்தான். ஹெலிகாப்டருக்கும் அதேதான். ஆளக் கூட்டிட்டு வரணும்னா, தட்டச் சுமந்துகிட்டுத் துடுப்புப் போட்டு வரணும்."

"உனக்குச் சாப்பாடு எப்படி வரும்?"

வராது. அதை அவள் கணக்கில் எடுக்கவே இல்லை. முகட்டில் நின்ற நேரத்தில் பறவைகளை நினைத்தாளே தவிர, தானும் அவற்றுக்கு ஒரு சத்தம்தான் என்பது தோன்றவில்லை. அவள் தராசு அவளையும் வெளியே தள்ளிவிட்டது. கொஞ்சம் வலித்தது. இருந்தும், வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆபத்துக்கென்று வைத்திருந்த ரப்பர் படகை நீரில் தள்ளி, அவரை ஏற்றி, தானும் ஏறினாள். வள்ளக்காரன் மகளுக்குத் துடுப்பு கையில் தானாக உட்கார்ந்தது. தீவு சிறுத்தது.

"நம்மளை எப்பத்தான் திரும்ப விடும்?" என்றார் அவர்.

"வயிறு நெறஞ்சிட்டுன்னு அதுவ ஒத்துக்கிட்டா."

"ஒத்துக்குமா?"

"ஒங்க கம்பெனி என்னைக்காவது போதும்னு சொன்னதுண்டா சார்?"

கனகசபாபதி குனிந்து இன்னொரு துடுப்பை எடுத்தார்.