மணி இடப்பக்கம் கேட்டது

வலது தோள்பட்டை நெருப்பாக எரிந்தது.

நனைந்த கயிறு பிணம் மாதிரி கனக்கும். விடிந்ததிலிருந்து அதை இழுத்துப் போட்டதில் படகின் கயிற்றுக்காரிக்குக் கையைத் தூக்கவே முடியவில்லை. படகை ஓட்டுவது அவள் அக்கா புருஷன். அதற்காகக் கயிறு எடை குறையுமா என்ன?

வளைகுடா முழுக்க மூடுபனி.

அக்கரைக்கு வேலைக்குப் போகிற கூட்டம் ஏறி உள்ளே உட்கார்ந்துவிட்டது. கடைசிக் கயிற்றை அவிழ்த்தாள்.

துறையின் டிக்கெட் கூடத்துக்குள் ஓர் அலறல்.

"குத்திட்டான்... பிடிங்க அவனை..."

சாம்பல் கோட்டுக்காரன் ஒருவன் ஓடி வந்து, நகர்ந்துவிட்ட படகில் தாவினான். அடுத்த நொடி அவள் கழுத்தில் கத்தி.

கத்தி ஈரமாக இருந்தது.

"நட."

சுக்கான் அறைக்குள் அவளைத் தள்ளிக் கதவைக் காலால் சாத்தினான். அக்கா புருஷன் திரும்பினார். முகம் வெளுத்தது.

"மாமா... பயப்படாதீங்க."

"நான் எங்கம்மா பயந்தேன்?"

"கை ஆடுதே."

"அது இன்ஜின் அதிருது."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. நேரா அந்தக் கரை. ரேடியோவைத் தொட்டா இவ இருக்க மாட்டா."

"தொடலைப்பா. பனியா இருக்கு, மெதுவாத்தான் போகணும்."

கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. மேலும் இல்லை, கீழும் இல்லை.

டங்... டங்...

வலப்பக்கம் மிதவை மணி. நடுவழியில் பாறை இருப்பதைச் சொல்லும் மணி. போகும்போது வலப்பக்கம் கேட்கும். திரும்பும்போது இடப்பக்கம். தினமும் வருகிறவர்களுக்கு அது தெரியும்.

கோட்டுக்காரன் தினமும் வருகிறவன் இல்லை.

மாமாவின் கை சுக்கானை விரல் விரலாக நகர்த்தியது. நேரம் ஊர்ந்தது.

டங்... டங்...

இடப்பக்கம்!

மனுஷன் படகையே திருப்பிவிட்டார்.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். பேப்பரும் கையுமாக தினமும் வரும் வங்கிக்காரர்.

"என்ன கேப்டன், மணி இந்தப் பக்கம் கேக்குது? நாம என்ன..."

கத்தி முதுகில் அழுந்தியது. "என்ன சொல்றான் இவன்?" கோட்டுக்காரன் அவள் காதில் கேட்டான்.

"சார், உங்களுக்கு ஒரு காது அவுட்டுன்னு படகுக்கே தெரியும். போய் உக்காருங்க" என்றாள் ஜன்னல் பக்கம்.

வங்கிக்காரர் கோபமாக வாயைத் திறந்தார். அவள் கழுத்தில் மெல்லிய ரத்தக் கோடு. பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கினார்.

"ஆமாம்மா... டாக்டரும் அதைத்தான் சொன்னாரு."

போய்விட்டார்.

பனிக்குள்ளிருந்து படகுத்துறை முளைத்தது. எல்லாத் துறையும் பார்க்க ஒன்றுதான். கோட்டுக்காரன் அவளைக் கீழே இழுத்து வந்தான்.

"கையை விடு. நான் கயிறு போட்டாத்தான் படகு நிக்கும்."

விட்டான்.

எரிகிற தோளால் வீசினாள். கயிறு இறுகும்வரை அவன் காத்திருக்கவில்லை. துறையில் குதித்து ஓடினான்.

நாலே எட்டு வைத்தான். எதிரே ஸ்ட்ரெச்சர். இரண்டு போலீஸ்காரர்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் கண்ணைத் திறந்து கையை நீட்டினான்.

"இவன்தான் சார்..."

கோட்டுக்காரன் உறைந்தான்.

"நீ... எனக்கு முன்னாடி எப்படிடா இந்தக் கரைக்கு வந்தே?"

"அவர் எங்கேயும் போகலை" என்றபடி ஒரு போலீஸ்காரர் அவன் கையை முறுக்கினார். "நீதான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்திருக்கே."

மாமா படியிறங்கி வந்து பொத்தென்று உட்கார்ந்தார். இன்ஜின் நின்றிருந்தது. கை மட்டும் இன்னும் ஆடியது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

வங்கிக்காரர் பேப்பரை மடித்தார்.

"எல்லாம் சரி கேப்டன். ஏத்தின எடத்துலயே எறக்கிட்டீங்க. எங்க அத்தனை பேருக்கும் ஒரு அக்கரை பாக்கி."